சிமுலேசனைத் திறக்க முதல் ஒரு வெள்ளைத் தாள் குடுங்க

கேத்தில்ல தண்ணி கொதிக்கேக்க அடியில இருந்து பெரிய பெரிய குமிழா வருதே, அந்தக் குமிழுக்குள்ள என்ன இருக்கு? நாளைக்கு உங்கட ஏ.எல் (உயர்தர) வகுப்புல இதைக் கேட்டுப் பாருங்க. "காத்து சேர்" எண்டு கொஞ்சப் பேர் சொல்லுவாங்க. "ஐதரசனும் ஒட்சிசனும் சேர்" எண்டு இன்னும் கொஞ்சப் பேர் சொல்லுவாங்க, அதுவும் நல்லாப் படிக்கிற பிள்ளைகள், ஏனெண்டா தண்ணி எதால ஆனது எண்டு அவங்களுக்குத் தெரியும், சூடாக்கினா அது பிரியும் எண்டு நினைக்கிறாங்க. நீராவி எண்டு சரியாச் சொல்லுற பிள்ளையிட்டயும் ஒரு தாளைக் குடுத்து, அந்தக் குமிழைக் கோடிக்கணக்கான மடங்கு பெருப்பிச்சா எப்படித் தெரியும் எண்டு கீறச் சொல்லுங்க. மூலக்கூறுகளுக்கு நடுவுல இருக்கிற வெறும் இடத்தை நீலக் கலரால நிரப்பி வச்சிருப்பாங்க, இல்லாட்டி மூலக்கூறையே ஊதிப் பெருசாக்கிக் கீறியிருப்பாங்க.

நான் திருகோணமலையில ஏ.எல் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறன். முதன்முதலா சிமுலேசன் (கொம்பியூட்டர்ல நாங்களே மாத்தி மாத்திப் பார்க்கிற அசையும் மாதிரி) காட்டின நாள் இப்பவும் நல்லா ஞாபகம் இருக்கு. மல்டிமீடியா புரொஜெக்டரைத் தூக்கிக் கொண்டு வந்து, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஒரு பாடம் முழுக்க, 40 நிமிசமும், தண்ணி மூலக்கூறு எப்படி ஆடுது எப்படிக் கழண்டு மேல போகுது எண்டு போட்டுக் காட்டினன், பிள்ளைகள் கண் வெட்டாமப் பார்த்தாங்க, எனக்கும் நல்ல சந்தோசம். தவணைப் பரீட்சையில அந்தக் குமிழ்க் கேள்வியைப் போட்டன். முந்தின வருசப் பிள்ளைகள் விட்ட அதே பிழையை இவங்களும் விட்டிருந்தாங்க. விடைத்தாள் திருத்தி முடிச்சிட்டு அண்டு ராவு கனநேரம் யோசிச்சன். பிள்ளையிட தலைக்குள்ள ஏற்கனவே ஒரு படம் இருக்கு, அது என்ன படம் எண்டு நான் கேக்கவே இல்ல, அதுக்கு மேல என்ட படத்தைக் கொண்டு போய் ஒட்டினன், ரெண்டு கிழமையில அது உரிஞ்சு விழுந்திட்டு.

அதால இப்ப நான் செய்யுறது இதுதான். எந்த சிமுலேசனா இருந்தாலும் அதைத் திறக்க முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைத் தாள் குடுக்கிறன். கேள்வியைப் போர்ட்ல எழுதுறன். 3 நிமிசம் தனியா, யாரோடயும் கதைக்காம, பேனையால கீறணும், பென்சில் கூடாது (அழிச்சிடுவாங்க, எனக்கு அந்தப் பிழைப் படம்தான் வேணும்). பிறகு பக்கத்துல இருக்கிறவரோட மாத்திப் பார்த்து ரெண்டு நிமிசம் வாதாடலாம். அதுக்குப் பிறகுதான் சிமுலேசன். பார்த்து முடிச்சதும் அதே தாளில, முதல் படத்துக்குப் பக்கத்துல, வேற நிறப் பேனையால திரும்பக் கீறி, "நான் ஏன் மாத்தினன்" எண்டு ஒரு வரி எழுதணும். மாத்தாட்டி ஏன் மாத்தல்ல எண்டு எழுதணும். இந்த ஒரு விசயத்தை மட்டும் செய்தாலே போதும், கீழ நான் எழுதுறதெல்லாம் இதைச் சுத்தித்தான் வரும்.

இது ஏன் வேலை செய்யுது எண்டும் கொஞ்சம் சொல்லோணும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல இருந்த அலெக்ஸ் ஜோன்ஸ்டன் எண்ட இரசாயனவியல் கல்வி ஆய்வாளர் 1991ல எழுதின ஒரு விசயம் இருக்கு, இரசாயனவியல் மூண்டு தளத்துல நடக்குது எண்டு. கண்ணால பார்க்கிறது (நிறம் மாறுது, குமிழ் வருது), கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள், பிறகு நாங்க எழுதுற குறியீடும் சமன்பாடும். ரீச்சர்மார் நாங்க ஒரே வசனத்துல இந்த மூண்டுக்குள்ளயும் பாய்ஞ்சு பாய்ஞ்சு போவம், எங்களுக்குப் பழகிட்டு, பிள்ளைக்குப் பழக்கமில்ல. ஆய்வுகூடத்துல முதலாவது தெரியும், போர்ட்ல மூண்டாவது தெரியும், நடுவுல இருக்கிற துணிக்கைத் தளம் எங்கயும் தெரியாது. சிமுலேசனிட வேலை அந்த நடுத் தளத்தைக் காட்டுறது. அதால எல்லாப் பாடத்துக்கும் அதைத் தேடி ஓடாதீங்க. சுவாலைப் பரிசோதனை, வீழ்படிவிட நிறம், இதெல்லாம் கையால செய்யுற விசயம், ஒரு சோதனைக் குழாயும் கொஞ்சம் உப்பும் இருந்தாப் போதும். சேதன இரசாயனப் பெயரீட்டுக்கு கொப்பியும் பேனையும் போதும். சடப்பொருளிட நிலைகள், கரையுறது, வாயு, தாக்க வீதம், சமநிலை, மூலக்கூறு வடிவம், மென்னமிலம் வன்னமிலம், இதுகளுக்குத்தான் சிமுலேசன் உண்மையில உதவும்.

எதைப் பாவிக்கிறது? நான் பெரும்பாலும் ஃபெட் (PhET) எண்ட வெப்சைட்ல இருக்கிற சிமுலேசன்களைப் பாவிக்கிறன். அமெரிக்காவுல கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்துல 2002ல தொடங்கினது, தொடங்கினவர் கார்ல் வீமன், அதுக்கு முதல் வருசம், 2001ல, பௌதிகவியலுக்கு நோபல் பரிசு எடுத்தவர். முழுக்க இலவசம். எங்களுக்கு முக்கியமான விசயம் என்னெண்டா புது சிமுலேசன் ஒவ்வொண்டையும் ஒரே ஒரு ஃபைலா டவுன்லோட் பண்ணி வச்சிட்டா பிறகு டேட்டாவே தேவையில்ல, பென்ட்ரைவ்ல போட்டு எந்த லெப்டொப்லயும் குரோம்ல திறக்கலாம், வட்ஸ்அப்ல டொகியுமென்டா அனுப்பலாம். நான் கிண்ணியா, மூதூர் பக்கத்துல இருந்து வாற பிள்ளைகளுக்கு வகுப்புல வச்சே புளூடூத்தால குடுத்து விடுறன். ஒரு சிக்கல், போன்ல அந்த ஃபைலைச் சும்மா தட்டினா சிலவேளை வேற ஏதாவது வியூவர்ல திறந்து வெள்ளைத் திரை மட்டும் நிக்கும், அப்ப குரோம்ல திற எண்டு தெரிவு செய்யணும், இதை முதல்லயே சொல்லிக் குடுத்திடுங்க, இல்லாட்டி அண்டு ராவு முழுக்க "சேர் வேலை செய்யுதில்ல" எண்டு மெசேஜ் வரும். பழைய ஜாவா சிமுலேசன்களும் அங்க கிடக்கு, அதுகளைப் போன்ல ஓட்டப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க.

சரி, பாடத்துக்கு வாறன். முதல்ல உப்பு.

நிலாவெளி உப்பளத்தைப் பார்க்காத திருமலைப் பிள்ளை இருக்காது, பஸ்ல போகேக்கயாவது பார்த்திருக்கும். அங்க இருந்து தொடங்குறன். கடல்தண்ணி ஒரு லீற்றர்ல ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைஞ்சிருக்கு. சாதாரண வெப்பநிலையில ஒரு லீற்றர் தண்ணியில கறியுப்பு மட்டும் 360 கிராம் அளவுல கரையும். அப்ப பாத்தியில விட்ட தண்ணி எவ்வளவு வத்தினாப் பிறகு உப்பு படியத் தொடங்கும்? பிள்ளைகளையே கணக்குப் பார்க்க விடுங்க, ஏறக்குறைய பத்துல ஒரு பங்கா வத்தணும் எண்டு அவங்களே கண்டுபிடிப்பாங்க. இப்ப கொன்சென்ட்ரேஷன் எண்ட சிமுலேசனைத் திறக்க முதல் மூண்டு கேள்வி. ஒண்டு, பாத்திரத்துல கரைசல் இருக்கு, கீழ குழாயைத் திறந்து பாதியை வெளியில விடுறம், மிச்சத்திட செறிவு என்னாகும்? ரெண்டு, நிரம்பாத (இன்னும் நிறைய உப்பு கரையக்கூடிய) கரைசல்ல தண்ணியைப் பாதியா ஆவியாக்கினா செறிவு என்னாகும்? மூண்டு, ஏற்கனவே நிரம்பின கரைசல், அடியில உப்பும் கிடக்கு, இன்னும் தண்ணியை ஆவியாக்கினா செறிவு என்னாகும்?

முதல் கேள்விக்கு "பாதியாகும்" எண்டு எழுதுற பிள்ளைகள் நீங்க நினைக்கிறதை விடக் கூட இருக்கும். மூண்டாவதுக்கு "கூடும்" எண்டு கிட்டத்தட்ட வகுப்பே எழுதும். அதுக்குப் பிறகு சிமுலேசன்ல சோடியம் குளோரைட்டைத் தெரிவு செய்து, செறிவுமானியை உள்ள வச்சு, குழாயைத் திறந்து விடுங்க. வாசிப்பு அசையாது. அந்த நேரம் வகுப்புல ஒரு அமைதி வரும் பாருங்க, அந்த அமைதிக்காகத்தான் நான் இந்த வேலையே செய்யுறன். உடன விளக்கம் சொல்லப் பாயாதீங்க. ஒரு நிமிசம் விடுங்க, யாராவது ஒரு பிள்ளை "உப்பும் தண்ணியும் சேர்ந்துதானே போகுது" எண்டு சொல்லும். அது பிள்ளையிட வாயில இருந்து வரணும். பொற்றாசியம் பரமங்கனேற்றையும் அதுல போட்டுப் பார்க்கலாம், நிறம் கூடிக் குறையுறது கண்ணுக்கு நல்லாத் தெரியும்.

பிறகு அந்த சிமுலேசன் எங்க பொய் சொல்லுது எண்டும் கேளுங்க. அதுல ஒரு நேரத்துல ஒரே ஒரு உப்பைத்தான் போடலாம். உண்மையான உப்பளத்துல கல்சியம் காபனேற்று முதல்ல படியும், பிறகு கல்சியம் சல்பேற்று, அதுக்குப் பிறகுதான் கறியுப்பு, மக்னீசியம் உப்புகள் கடைசியா மிஞ்சிற அந்தக் கசப்புத் தண்ணியில நிக்கும், அதைத்தான் வெளியில விட்டிடுவாங்க. சிமுலேசன்ல வெப்பநிலையை மாத்தவும் ஏலாது. அதை விட முக்கியம், அயன்கள் தண்ணிக்குள்ள எப்படிப் பிரிஞ்சு நிக்குது எண்டு அது காட்டவே காட்டாது, அது கண்ணால பார்க்கிற தளத்துல நிக்கிற ஒரு சிமுலேசன், அதால துணிக்கைப் படத்தைப் பிள்ளை தானாக் கீறித்தான் ஆகணும். இந்த "எங்க பொய் சொல்லுது" கேள்வியை ஒவ்வொரு முறையும் கேளுங்க, விடவே கூடாது. துணிக்கைக்கு நிறம் இருக்கெண்டு, 20 மூலக்கூறுதான் ஒரு பாத்திரத்துக்குள்ள இருக்கெண்டு நம்பிட்டுப் போற பிள்ளைகள் உண்மையிலேயே இருக்கிறாங்க.

எல்லைப்படுத்தும் தாக்கிக்கு (முதல்ல முடிஞ்சு போய்த் தாக்கத்தை நிப்பாட்டுற பொருள்) ரியாக்டன்ட்ஸ் புரொடக்ட்ஸ் அன்ட் லெஃப்ட்ஓவர்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. முதல்ல ரெண்டு துண்டு பாணும் ஒரு துண்டு சீஸும் வச்சு சான்ட்விச் செய்யும், பிறகு அதே மாதிரி தண்ணி, அமோனியா எண்டு போகும். இதுல பெரிசா விளக்கம் தேவையில்ல, பிள்ளைகள் தாங்களே பிடிச்சிடுவாங்க, 15 நிமிசத்துல முடிச்சிடுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: இது எண்ணிக்கையில நடக்குது, கிராம்ல இல்ல. ஏ.எல் கேள்வி கிராம்ல வரும், "குறைஞ்ச திணிவு எதுவோ அதுதான் எல்லைப்படுத்தும் தாக்கி" எண்டு பிள்ளை எழுதிட்டுப் போயிடும். அதால கடைசி 10 நிமிசம் சிமுலேசனை மூடிட்டு, 28 கிராம் நைதரசனும் 10 கிராம் ஐதரசனும் எண்டு ஒரு கணக்குப் போடுங்க. நைதரசன் 1 மூல், ஐதரசன் 5 மூல், தேவை 3 மூல்தான், திணிவு கூடின நைதரசன்தான் எல்லைப்படுத்துது. அதோட அமோனியாத் தாக்கம் உண்மையில முழுசா முடியாது, சமநிலையில நிக்கும் எண்டும் இங்கயே ஒரு வார்த்தை போட்டு வச்சிடுங்க, பின்னுக்குத் தேவைப்படும்.

வாயுவுக்கு கேஸ் புரொப்பர்ட்டீஸ். பம்பால துணிக்கையை அடிச்சு, சூடாக்கி, குளிராக்கி, பெட்டியை ஒடுக்கி எல்லாம் பார்க்கலாம், அமுக்கம் அளவுக்கு மேல போனா மூடியே கழண்டு பறக்கும். முதல் 5 நிமிசம் அவங்கட பாட்டுக்கு விளையாட விடுங்க, நீங்க விட்டாலும் விடாட்டியும் அதைத்தான் செய்யப் போறாங்க, அந்த 5 நிமிசத்துல எந்த பட்டன் எங்க இருக்கெண்டு தாங்களாவே படிச்சிடுவாங்க. நான் ஒருக்கா "1. இதை அழுத்துக, 2. அதை 10க்குக் கொண்டு வருக" எண்டு நீளமா ஒரு பயிற்சித்தாள் அடிச்சுக் குடுத்தன், பிள்ளைகள் தாளை மட்டும்தான் பார்த்தாங்க, திரையைப் பார்க்கல்ல. இப்ப ரெண்டு கேள்விதான். வெப்பநிலையை மாறாம வச்சுக் கொண்டு பெட்டியிட அகலத்தை 10 நானோமீட்டர்ல இருந்து 5க்கு ஒடுக்கினா அமுக்கம் என்னாகும், ஏன் எண்டு துணிக்கையிட மோதலை வச்சுச் சொல்லு. ரெண்டாவது, பாரமான துணிக்கையும் லேசான துணிக்கையும் ஒரே பெட்டிக்குள்ள, ஒரே வெப்பநிலையில, எது வேகமாப் போகும், எதிட சராசரி இயக்கச் சக்தி கூட? வேகம் லேசானதுக்குக் கூட, சராசரி இயக்கச் சக்தி ரெண்டுக்கும் ஒண்டு, அந்த ரெண்டாவது பகுதியை எந்தப் பிள்ளையும் லேசுல நம்பாது. அமுக்க மானி கொஞ்சம் ஆடிக்கொண்டே நிக்கும், "சேர் பழுதாப் போச்சு" எண்டு சொல்லுவாங்க. பழுதில்ல, மோதல்கள் ஒழுங்கில்லாம நடக்குறதால ஆடுது, துணிக்கை கொஞ்சமா இருந்தா கூட ஆடும், நிறைய அடிச்சா நிதானமாகும். 4, 5 வாசிப்பு எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்லுங்க.

இப்ப சமநிலை. எனக்கு இந்தப் பாடத்துலதான் உயிர். பிள்ளைகளுக்கு ஆகக் கஷ்டமானதும் இதுதான், ஏனெண்டா "சமநிலை" எண்ட சொல்லைக் கேட்டதும் தராசு ஞாபகம் வரும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு, அசைவில்ல எண்டு. ரெண்டுமே பிழை.

முதல்ல கொம்பியூட்டர் இல்லாமச் செய்யுங்க. 48 புளியங்கொட்டை. ஒரு மேசையில ரெண்டு பிள்ளைகள். இடப்பக்கப் பிள்ளையிட்ட 48ம் இருக்கு, வலப்பக்கத்துல ஒண்டுமில்ல. நான் கை தட்டுற ஒவ்வொரு தரமும் இடப்பக்கம் தன்னிட்ட இருக்கிறதுல அரைவாசியைக் குடுக்கணும், வலப்பக்கம் தன்னிட்ட இருக்கிறதுல கால்வாசியைக் குடுக்கணும், ரெண்டும் ஒரே நேரத்துல. முதல் தட்டுல 24, 24. அடுத்த தட்டுல 12 போகுது, 6 வருது, 18, 30. இன்னும் ரெண்டு மூண்டு தட்டுல 16க்கும் 32க்கும் கிட்ட வந்து நிக்கும், ஆனா கை நிக்காது, ஒவ்வொரு தட்டுக்கும் 8 போகுது 8 வருது. (அரைக் கொட்டை வந்தா ஏதாவது ஒரு பக்கம் முழுசாக்கச் சொல்லுங்க, ஒண்டு ரெண்டு பிசகும், பரவாயில்ல.) ரெண்டு பக்கமும் ஒரே அளவில்ல, ஆனா போற வீதமும் வாற வீதமும் ஒண்டு. பிள்ளையிட கையே இதைப் படிச்சிடும்.

அதுக்குப் பிறகு எக்செல். ஆமா, எக்செல்தான், இதுக்கு எந்த வெப்சைட்டும் தேவையில்ல, லிப்ரே ஒஃபிஸ்லயும் ஓடும், போன்ல கூகுள் ஷீட்ஸ்லயும் ஓடும். முதல் வரியில நாலு தலைப்பு: தாக்கி, விளைவு, முன்முகத் தாக்கத்துல போற அளவு, பின்முகத் தாக்கத்துல வாற அளவு. ஏ2ல 1000, பி2ல 0. சி2ல =ஏ2*0.1 எண்டும் டி2ல =பி2*0.05 எண்டும் அடியுங்க (கீபோர்ட்ல ஆங்கில எழுத்துலதான் அடிக்கணும் எண்டு உங்களுக்குத் தெரியும்). ஏ3ல =ஏ2-சி2+டி2, பி3ல =பி2+சி2-டி2. சி2, டி2 ரெண்டையும் ஒரு வரி கீழ இழுங்க, பிறகு மூண்டாவது வரி முழுசையும் பிடிச்சு 100ஆவது வரி மட்டும் இழுத்து விடுங்க. ஏ, பி ரெண்டு நிரலையும் தெரிவு செய்து ஒரு கோட்டு வரைபு போடுங்க. அவ்வளவுதான், 10 நிமிச வேலை, ஆனா பிள்ளை தன்ட கையால ஒரு சிமுலேசனைச் செய்திட்டு, இனி அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற விசயம் எண்டு ஒண்டுமே இல்ல.

1000, 900, 815, 742.75 எண்டு இறங்கிக் கொண்டு போகும், 40 படியில 334க்கு வந்திடும், பிறகு 333க்குப் பக்கத்துல அப்படியே நிக்கும், விளைவு 667க்குப் பக்கத்துல. இப்ப சி நிரலையும் டி நிரலையும் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டும் 33.3. பூச்சியம் இல்ல! இதை எல்லாப் பிள்ளையும் தன்ட கண்ணால பார்க்கும் வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க. பிறகு ஏ2ல 0 போட்டு பி2ல 1000 போடச் சொல்லுங்க, எங்க போய் முடியும் எண்டு முதல்ல தாளில எழுத வச்சிட்டு. அதே 333, அதே 667. விளைவைத் தாக்கியால பிரிச்சா 2, அந்த 2 எங்க இருந்து வந்தது? 0.1ஐ 0.05ஆல பிரிச்சா 2. சமநிலை மாறிலி இவ்வளவு லேசா ஒரு பிள்ளைக்கு முன்னால வந்து நிக்கிறதை நான் வேற எந்த முறையிலயும் பார்க்கல்ல.

இனி லெ சற்றலியேயிட தத்துவம், அதாவது சமநிலையைக் குழப்பினா அது அந்த மாற்றத்தைக் குறைக்கிற பக்கம் நகரும் எண்டது. 42ஆவது வரியில ஏ நிரல்ல இருக்கிற சமன்பாட்டுக்குக் கடைசியில +300 எண்டு சேருங்க, தாக்கியை நடுவுல கூட்டிட்டம். "சமநிலை அதை எதிர்க்கும்" எண்டு பாடமாக்கின பிள்ளைகள், திரும்ப 333க்கு வந்திடும் எண்டு எழுதுவாங்க. வராது. 433ல நிக்கும், விளைவு 867ல நிக்கும். கூட்டின 300ல 200 அங்கால போயிட்டு, 100 இங்க நிண்டிட்டு. எதிர்க்குது, ஆனா முழுசா இல்லாம ஆக்கல்ல. ஏன் போச்சு எண்டும் சி, டி நிரல்லயே தெரியும்: கூட்டின அந்த வரியில முன்முக அளவு 63க்குப் பாயுது, பின்முகம் இன்னும் 33லயே நிக்குது, பிறகு மெல்ல மெல்ல ரெண்டும் 43.3ல சந்திக்குது. சமநிலைக்கு ஒரு விருப்பம் இருக்கிற மாதிரி, அது யோசிச்சு எதிர்க்கிற மாதிரி நாங்க கதைக்கிற கதையெல்லாம் இதுக்குப் பிறகு தேவைப்படாது. ஊக்கிக்கு (தாக்கத்தை வேகமாக்கிற பொருள்) அந்த +300ஐ அழிச்சிட்டு 0.1ஐ 0.2 ஆக்குங்க, 0.05ஐ 0.1 ஆக்குங்க, 20 படிக்குள்ளயே வந்திடும், ஆனா அதே 333, 667. வெப்பநிலை மாறினா ரெண்டு எண்ணும் வேற வேற அளவுல மாறும், அப்ப மாறிலியும் மாறும், இதை ரெண்டு மூண்டு எண் போட்டுப் பார்க்க விடலாம். (இது முதலாம் வரிசைத் தாக்கம், ஒரு மூலக்கூறு இன்னொண்டா மாறுற மாதிரி மட்டும். ரெண்டு தாக்கி மோதுற தாக்கத்துக்கு சமன்பாட்டுல ரெண்டு செறிவையும் பெருக்கணும், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அதை வீட்டு வேலையாக் குடுங்க.)

அமிலத்துக்கு அசிட்-பேஸ் சொலூஷன்ஸ். வன்மையும் செறிவும் வேற வேற எண்டு காட்ட மட்டும் பாவியுங்க, அதுக்கு அது தங்கம். லீற்றருக்கு 0.1 மூல் இருக்கிற அசற்றிக் அமிலக் கரைசலிட பிஎச் 2.9 அளவுல வரும், லீற்றருக்கு 0.001 மூல் இருக்கிற ஐதரோகுளோரிக் அமிலம் 3, நூறு மடங்கு செறிவு வித்தியாசம் ஆனா பிஎச் கிட்டத்தட்ட ஒண்டு, இதை முதல்ல ஊகிக்க வச்சிட்டுத் திறங்க. மூலக்கூறு வடிவத்துக்கு மொலிகியூல் ஷேப்ஸ், அதுல தண்ணிக்கு மாதிரியில 109.5 பாகையும் உண்மையான மூலக்கூறுல 104.5 பாகையும் மாத்தி மாத்திப் பார்க்கலாம், தனிச்சோடி இலத்திரன் கூடத் தள்ளுது எண்டதுக்கு அதை விட நல்ல படம் இல்ல. நாலு பலூனைக் கட்டிக் காட்டிட்டுப் போனீங்கெண்டா இன்னும் நல்லம்.

சொல் விசயத்துல கவனமா இருங்க. சிமுலேசன்ல ஆங்கிலம் இருக்கும், சிலது தமிழ்லயும் இருக்கு, ஆனா தமிழ் மொழிபெயர்ப்புலயும் யூடியூப் வீடியோக்கள்லயும் இந்தியாவுல பாவிக்கிற சொற்கள் வரலாம், அழுத்தம், வினை, எலக்ட்ரான், ஆக்சிஜன் எண்டு. எங்கட பிள்ளை பேப்பர்ல அமுக்கம், தாக்கம், இலத்திரன், ஒட்சிசன் எண்டு எழுதணும். நான் போர்ட்ல இடப்பக்கம் ஒரு நிரல் ஒதுக்கி, திரையில வாற ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கட பாடப்புத்தகச் சொல்லை எழுதி வைக்கிறன், பாடம் முடியும் வரை அழிக்கிறதில்ல.

ஒரே ஒரு லெப்டொப்தான் இருக்கெண்டு விட்டிடாதீங்க. ஒரு பிள்ளையை லெப்டொப்ல இருத்துங்க, மற்றப் பிள்ளைகள் என்ன செய்யணும் எண்டு கட்டளை குடுக்கட்டும், நீங்க வகுப்புக்குப் பின்னால போய் நில்லுங்க. முன்னுக்கு நிண்டீங்கெண்டா கை சும்மா இருக்காது, மௌஸைப் பிடிச்சிடுவீங்க. போன் இருந்தா மூண்டு பேருக்கு ஒண்டு நல்லம், ஆளுக்கு ஒண்டு குடுத்தா கதை நிண்டு போயிடும், அஞ்சு பேருக்கு ஒண்டெண்டா ரெண்டு பேர் ஜன்னலால கடலைப் பார்த்துக் கொண்டிருப்பாங்க. கரண்ட் போனா பாடத்தை நிப்பாட்ட வேண்டாம். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாத நாள்களைக் கண்டவங்க நாங்க, புளியங்கொட்டைப் பை அப்ப இருந்துதான் என்ட மேசை லாச்சிக்குள்ள கிடக்கு.

கடைசியா ஆய்வுகூடம். நியமிப்புக்கு (அமிலத்துக்குள்ள காரத்தைத் துளி துளியா விட்டுச் செறிவைக் கண்டுபிடிக்கிறது) கொம்பியூட்டர்ல செய்யுற ஆய்வுகூடங்களும் இருக்கு, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திட கெம்கலெக்டிவ் மாதிரி. கணக்கைப் பழக, முதல் நாள் ஒருக்கா ஓட்டிப் பார்க்க நல்லம். ஆனா சிமுலேசன்ல செறிந்த அமிலத்துக்குள்ள தண்ணியை ஊத்தினாலும் முகத்துல தெறிக்காது, அந்தப் பயம் இல்லாமப் பழகின பிள்ளையிட்ட போத்தலைக் குடுக்க எனக்குத் துணிவில்ல. அதால ரெண்டையும் ஒரே கிழமைக்குள்ள வச்சிடுவன். செவ்வாய்க்கிழமை திரையில, வியாழக்கிழமை உண்மையான அளவியும் (பியூரெட்) குழாயியும் (பிப்பெட்). பினோத்தலீன் எண்ட காட்டியைப் போட்டு, கீழ ஒரு வெள்ளைத் தாளை விரிச்சு, இளஞ்சிவப்பு வந்து வந்து மறையத் தொடங்கினதும் துளி துளியா விடச் சொல்லுங்க. நிறம் நிலைச்சு நிக்கிற அந்த இடத்துல நிப்பாட்டிட்டு, "இப்ப குடுவைக்குள்ள என்னென்ன அயன் இருக்கு, கீறு" எண்டு அரைத் தாளைத் திரும்ப நீட்டுங்க.